இந்தத் தீபாவளிக்குக் கரண்டியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

டெக்சஸின் கேட்டியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு,



தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, உங்கள் வீட்டில் ஒரு பலகாரமாவது பிள்ளைகள் கையால் ஆகட்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல். எந்தப் பலகாரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: ஸ்லோ குக்கரில் செய்யும் சாக்லேட் கடலை மிட்டாய். எண்ணெய் வேண்டாம், பாகு வேண்டாம், அடுப்பு கூட வேண்டாம். கடலை வறுப்பதற்கு மட்டும் கொஞ்ச நேரம் அவன் போட்டால் போதும்.

இங்கே நம் தீபாவளி எப்படிக் கழிகிறது என்று உங்களுக்கே தெரியும். வேலை முடிந்து ஐ-10 நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து சேரும்போது இருட்டிவிடுகிறது. இனிப்பு கடையிலிருந்து பெட்டியாக வருகிறது. இல்லையென்றால் வீட்டிலேயே பலகாரம் செய்து தரும் அக்கா ஒருவரிடம் முறுக்கும் அதிரசமும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம். அந்த அக்காக்கள் இல்லாவிட்டால் நம்மில் பலருக்குத் தீபாவளியே இல்லை. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்குப் பலகாரம் என்றால் பெட்டியைத் திறந்து எடுத்துத் தின்னும் பொருள் என்று மட்டுமே தெரிகிறது. அது ஒரு வீட்டில், சிலர் கூடி உட்கார்ந்து, கை வலிக்க வலிக்கச் செய்யும் வேலை என்பது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

நாமே வீட்டில் செய்தாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. எண்ணெய்ச் சட்டி பக்கம் வராதே என்கிறோம். மைசூர்பாகுக்குக் கம்பிப் பதம் தாண்டிவிடப் போகிறதே என்ற பதற்றத்தில் நிற்கும்போது, பிள்ளை வந்து நானும் கிண்டட்டுமா என்று கேட்டால், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிடுகிறோம். அந்தப் பயம் நியாயமானது. கடலை மிட்டாய்க்குப் பாகு 150 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான், தண்ணீரில் ஒரு சொட்டு விட்டதும் மடக்கென்று உடையும் பதம் வரும். அந்தப் பாகு ஒரு துளி கையில் பட்டால் தோல் உரிந்துவிடும். சாக்லேட் அப்படியில்லை. 45, 50 டிகிரிக்குள்ளேயே முழுக்க இளகிவிடும். பண்டிகைப் பலகாரங்களில் எட்டு வயதுப் பிள்ளையை நம்பிப் பக்கத்தில் நிறுத்தக்கூடியது இதைப் போல வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

இனி செய்முறை. நிதானமாகவே சொல்கிறேன். இதில் சறுக்கும் இடங்கள் இரண்டுதான். அவற்றைத் தெரிந்துகொண்டால் பயமில்லை.

ஆறு குவார்ட் குக்கருக்கான அளவு இது: வறுத்த வேர்க்கடலை 450 கிராம், பீக்கன் பருப்பு 450 கிராம், அரை இனிப்புச் சாக்லேட் சிப்ஸ் 340 கிராம், ஜெர்மன்ஸ் ஸ்வீட் சாக்லேட் கட்டி ஒன்று, அதாவது 113 கிராம், பிறகு வெள்ளை மிட்டாய்ப் பூச்சு 900 கிராம். இந்தப் பூச்சைக் கடைகளில் ஆல்மண்ட் பார்க் என்ற பெயரில் பாளம் பாளமாக, கேக் சாமான்கள் இருக்கும் வரிசையில் வைத்திருப்பார்கள். எல்லாம் சேர்ந்தால் இரண்டேகால் கிலோ வரும். துண்டுக்கு 20 கிராம் என்று வைத்தால் நூற்றுக்கும் மேல் கிடைக்கும். முதல் தடவை செய்பவர்கள் எல்லாவற்றிலும் பாதி எடுத்துக்கொள்ளுங்கள்.

வேர்க்கடலையை வறுத்ததாகவே வாங்கலாம். நேரமிருந்தால் இந்தியக் கடையில் பச்சைக் கடலை வாங்கி, 350 டிகிரி ஃபாரன்ஹீட் அவனில் பதினைந்து இருபது நிமிடம் வறுத்து, ஆறவிட்டு, பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் உள்ளங்கையில் வைத்துக் கசக்கித் தோலை ஊதட்டும். வீடெங்கும் தோல் பறக்கும், பறந்தால் பெருக்கிக்கொள்ளலாம். பீக்கனை ஏழெட்டு நிமிடம் வாசம் வரும்வரை சூடுகாட்டினால் போதும். அதில் எண்ணெய்ச் சத்து மிக அதிகம், சீக்கிரம் கருகிவிடும். அதே காரணத்தால் வெளியில் வைத்தால் சிக்கு வாடையும் சீக்கிரம் வரும். மீதமிருப்பதை ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

குக்கரில் போடும் வரிசை முக்கியம். அடியில் பருப்பு, அதன்மேல் கறுப்புச் சாக்லேட், எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளைப் பூச்சு. சூடு பீங்கான் பானையின் பக்கங்களிலிருந்தும் அடியிலிருந்தும் வருகிறது. பருப்பு அந்தச் சூட்டை முதலில் வாங்கிக்கொள்வதால் சாக்லேட் பானையோடு நேரே ஒட்டிக் கருகாமல் தப்பிக்கிறது. குக்கரை 'லோ'வில் வையுங்கள். மூன்று மணி நேரம் மூடியைத் திறக்கவே கூடாது என்று பழைய குறிப்புகள் சொல்லும். இப்போது வரும் குக்கர்கள் பலவும் வேகமாகச் சூடேறுபவை. ஆகவே முதல் ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு கால் மணிக்கொரு தரம் அடிவரை துழாவிவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் இளகிச் சேர்ந்துவிடும்.

பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய காட்சி ஒன்று இந்த இடத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால் சாக்லேட் சிப்ஸ் ஒன்றும் இளகாதது போலவே இருக்கும். கூர்முனை கூட மழுங்காமல், போட்ட மாதிரியே நிற்கும். கரண்டி பட்டதும்தான் பொலபொலவென்று சரிந்து குழம்பாகும். வெள்ளைப் பூச்சும் அப்படித்தான், வெளியே பாளமாகவும் உள்ளே பாலாகவும் இருக்கும். கரண்டியை இழுக்க இழுக்க வெள்ளையில் பழுப்புக் கோடுகள் ஓடி, ஐந்தாறு சுற்றில் காப்பி நிறத்துக்கு வந்துவிடும். அந்த ஐந்தாறு சுற்றையும் பிள்ளைகளே சுற்றட்டும். பானையின் ஓரம் சுடும், அதில் கை படாமல் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். பானையைத் தூக்குவது மட்டும் பெரியவர்கள் வேலை.

சறுக்கும் இடம் முதலாவது, தண்ணீர். இளகிய சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும், அதிலுள்ள சர்க்கரைத் துகள்கள் ஈரத்தைப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மொத்தமும் களிமண் போலத் திரண்டுவிடும். பிறகு எவ்வளவு சூடு காட்டினாலும் இளகாது. மூடியின் உள்பக்கம் வேர்க்கும் நீர் சொட்டாமலிருக்க, மூடிக்கு அடியில் சுத்தமான பருத்தித் துண்டு ஒன்றை விரித்து, நுனிகளை மூடியின் மேலே மடித்துச் செருகுங்கள். துணி சூடேறும் பாகத்தில் படக்கூடாது. கரண்டி துளி ஈரமில்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். வெல்லப் பாகோ கருப்பட்டிப் பாகோ ஊற்றிப் பார்க்கும் ஆசை நம் எல்லாருக்கும் வரும். அதிலும் தண்ணீர்தான் இருக்கிறது, வேண்டாம். நம் ருசி வேண்டுமானால் காய்ந்த பொடிகள் இருக்கின்றன. இந்த அளவுக்கு ஒரு தேக்கரண்டி சுக்குப் பொடியும் ஒரு தேக்கரண்டி ஏலப்பொடியும் கடைசியில் தூவிக் கிளறுங்கள். தீபாவளி லேகியத்தின் காரம் தொண்டையில் இலேசாக எட்டிப்பார்க்கும். மேலே ஒரு சிட்டிகை உப்பு.

இரண்டாவது, அவசரம். 'ஹை'யில் வைத்தால் வெள்ளைப் பூச்சு முதலில் கருகும். அதன் பால் சத்தும் சர்க்கரையும் சூடு தாங்காதவை. கருகிய வாடையை எதைச் சேர்த்தும் மறைக்க முடியாது.

கலவை சேர்ந்து வந்ததும் மேசையில் பார்ச்மென்ட் தாள் விரித்து, ஸ்பூன் ஸ்பூனாக அள்ளி வையுங்கள். உங்கள் வீட்டுச் சின்னது ஒவ்வொரு குவியலின் தலையிலும் ஒரு பீக்கன் பாதியை அழுத்தி வைக்கட்டும். பளபளப்பு மங்குவதற்குள் வைத்துவிட வேண்டும், அதன் பிறகு ஒட்டாது. இந்த ஓட்டத்துக்காகவே பிள்ளைகள் அடுத்த வருடமும் கேட்பார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாக இறுகிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் வைத்துச் சாப்பிடலாம். நாள்பட மேலே வெண்படலம் பூத்தால் அது கொழுப்பு மேலேறி உறைந்தது, பூஞ்சை என்று பயப்பட வேண்டாம்.

இவ்வளவுதான் வேலை. இனி, இதை ஏன் இந்த ஊரில், இந்த மாதிரி செய்ய வேண்டும் என்று சொல்கிறேன்.

சாக்லேட்டும் பருப்பும் நமக்குப் புதிதில்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்விட்டு ஹோம்மேட் சாக்லேட் வாங்காமல் மலையிறங்கியவர் நம்மில் யார்? அங்கே அந்தத் தொழில் வேரூன்றியதற்கு மலைக்குளிர் ஒரு காரணம். கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், மனித உடலின் சூடே அதற்கு அதிகம். அதைப் பளபளப்பாக உறையவைக்க, இளக்கி, 27, 28 டிகிரிக்கு ஆற்றி, மறுபடி 31, 32க்கு ஏற்றும் நுணுக்கமான வேலை இருக்கிறது. மலைக்குளிர் அதற்குத் துணை நிற்கும். நம் கேட்டியிலோ தீபாவளி சமயத்தில்கூட வெளியே வியர்க்கும், பூட்டிய காருக்குள் சொல்லவே வேண்டாம். அதனால்தான் வெள்ளைப் பூச்சு சேர்க்கிறோம். அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பனைக்கொட்டை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பு இருக்கிறது. அந்த நுணுக்கமெல்லாம் இல்லாமலே இறுகிக்கொள்ளும். ருசியில் அசல் சாக்லேட்டுக்கு ஒரு படி கீழேதான். பிள்ளைகள் முதல் முயற்சியிலேயே ஜெயிப்பதற்காக அந்த ஒரு படியை விட்டுக்கொடுக்கலாம் என்கிறேன்.

பீக்கனைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள். டெக்சஸில் பிறந்து இந்த மாநிலத்துக்கு ஆளுநரான முதல் மனிதர் ஜேம்ஸ் ஹாக். 1906இல் இறப்பதற்கு முன், தன் கல்லறைக்குக் கல் வேண்டாம், தலைமாட்டில் ஒரு பீக்கன் மரமும் கால்மாட்டில் ஒரு வால்நட் மரமும் நடுங்கள், அவை காய்க்கும்போது கொட்டைகளைச் சாதாரண மக்களுக்குக் கொடுங்கள், அவர்கள் நட்டு டெக்சஸை மரங்களின் நாடாக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். ஆஸ்டினில் அவர் அடக்கமான இடத்தில் அப்படியே நட்டார்கள். 1919இல் பீக்கன் இந்த மாநிலத்தின் மரமானது. பீக்கன் உதிரும் காலமும் நம் தீபாவளிக் காலமும் ஒன்றுதான். நம் ஊர்களில் அந்தந்தப் பருவத்தில் விளைந்ததைப் பண்டிகைக்குப் பலகாரமாக்கிய பழக்கத்தை இங்கே தொடர விரும்பினால், கையெட்டும் தூரத்தில் விளைவது பீக்கன்.

ஜெர்மன்ஸ் சாக்லேட்டுக்கும் டெக்சஸோடு தொடர்பு உண்டு. சாமுவேல் ஜெர்மன் என்பவர் 1852இல் பேக்கர்ஸ் சாக்லேட் நிறுவனத்துக்காக உருவாக்கியது அது. நூறு வருடம் கழித்து, 1957இல், டல்லஸ் செய்தித்தாள் ஒன்றில் உள்ளூர்க் குடும்பத்தலைவி ஒருவரின் கேக் குறிப்பு வந்த பிறகுதான் அது அமெரிக்கா முழுக்கப் பேசப்பட்டது. ஒரு வீட்டு அடுக்களையிலிருந்து கிளம்பிய குறிப்பு அது.

ஸ்லோ குக்கரின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அதைக் கண்டுபிடித்தவர் இர்விங் நாக்சன். காப்புரிமை கிடைத்தது 1940இல். அவருடைய தாயார் லித்துவேனியாவின் வில்னா நகரத்து யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். சனிக்கிழமை ஓய்வு நாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், வெள்ளி சாயங்காலமே அவரிடம் பானையைக் கொடுத்துப் பேக்கரிக்கு அனுப்புவார்களாம். ஆறிக்கொண்டிருக்கும் அந்த அடுப்பில் பருப்பும் இறைச்சியும் இரவெல்லாம் வெந்து, மறுநாள் வீட்டுக்கு வரும். அம்மா சொன்ன அந்தக் கதையை மகன் மின்சாரப் பானையாக்கினார். ரைவல் நிறுவனம் அதை வாங்கி 1971இல் கிராக்-பாட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. புலம்பெயர்ந்த ஒரு தாய் தன் ஊர்ச் சமையலைப் பிள்ளையிடம் சொல்லிவைத்ததன் பலனை இன்று நாடே அனுபவிக்கிறது. நம் பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்லிவைக்கிறோம் என்று யோசிக்க இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி தாத்தாக்கள், இது நம் பலகாரமா என்று கேட்கலாம். அவர்களுக்கு மரியாதையோடு ஒரு வார்த்தை. நம் இனிப்புகளில் தூவும் முந்திரி பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. வேர்க்கடலையும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அந்தக் கடலையைக் கரிசல் காட்டு மக்கள் தங்கள் பயிராகவே ஆக்கிக்கொண்டார்கள். அதில் செய்யும் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. கொக்கோ இன்று பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளைகிறது. வந்த பொருளைத் தன் பக்குவத்துக்குக் கொண்டுவருவது நம் அடுக்களைக்குப் பழக்கமான காரியம். அதிரசத்தை யாரும் கைவிடச் சொல்லவில்லை. அதிரசத் தட்டில் பேரன் செய்த மிட்டாய்க்கும் ஓர் இடம் கேட்கிறேன். பாட்டிமார்களே, சுக்கை நீங்கள் இடித்துக் கொடுங்கள். கடலை மிட்டாய்ப் பதத்தை உங்கள் அம்மா எப்படிப் பார்த்தார் என்று அப்போது சொல்லுங்கள். குக்கர் சூடேறும் அந்த ஒரு மணி நேரம் கதைக்கென்றே கிடைக்கும் நேரம்.

இப்போது நான் மிகவும் வற்புறுத்திக் கேட்பது. பலகாரம் கொடுத்து வாங்குவது நம் பண்டிகையின் உயிர். இங்கே அக்கம்பக்கத்தில் எல்லா நாட்டவரும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கட்டாயம் கொடுங்கள். ஆனால் வேர்க்கடலையும் மரக்கொட்டைகளும் ஒவ்வாத பிள்ளைகள் இந்த ஊரில் நிறையப் பேர். சிலருக்கு ஒரு துணுக்கு பட்டாலே மூச்சு அடைத்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். சாக்லேட்டுக்குள் மறைந்திருக்கும் கடலை வெளியே தெரியாது. எனவே ஒவ்வொரு டப்பாவிலும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: வேர்க்கடலை, பீக்கன், பால், சோயா இருக்கின்றன என்று. சாக்லேட், பூச்சு இரண்டின் உறையையும் படித்துப் பாருங்கள், வேறு ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சீட்டையும் பிள்ளைகளே எழுதட்டும். பலகாரம் செய்வதன் பாதி, தின்பவரின் உடம்பை நினைப்பது என்று அவர்களுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல வழி இல்லை.

பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டாம், ஆசிரியரிடம் கேட்டு அவர் சரி என்றால் மட்டும் கொடுத்தனுப்புங்கள். ஒவ்வாமை உள்ள வீட்டுக்கென்று செய்தால் கடலைக்குப் பதில் அரிசிப் பொரியோ வறுத்த தேங்காய்ச் சில்லோ போடலாம். அப்போதும் அதே பானை, அதே கரண்டி கூடாது, கடலை கலக்காத சாக்லேட்தானா என்று உறையிலும் பார்க்க வேண்டும், எது ஆகும் என்று அந்த வீட்டாரிடமே கேட்டுவிட வேண்டும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பருப்பு தொண்டையில் சிக்கும், கொடுக்காதீர்கள். நாய் வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், சாக்லேட் நாய்க்கு நஞ்சு.

இளைஞர்களே, ருசி பிடித்துப்போய் விற்றுப் பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். டெக்சஸில் வீட்டில் செய்த மிட்டாயை விற்க 2013 முதல் சட்டம் இடம் தருகிறது. அதற்கு உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், ஒவ்வாமைப் பொருள்களைச் சொல்லும் சீட்டும் ஒட்ட வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறுகின்றன, மாநில சுகாதாரத் துறையின் அறிவிப்பைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

நிறைவாக, பெற்றோர்களே, இதை உங்கள் வீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரே தெருவில், ஒரே சப்டிவிஷனில் மூன்று நான்கு தமிழ் வீடுகள் இருக்கின்றன. பீக்கன் ஒரு வீடு, சாக்லேட் ஒரு வீடு, டப்பாவும் சீட்டும் இன்னொரு வீடு என்று பிரித்துக்கொண்டு ஒரே அடுக்களையில் கூடுங்கள். புதிதாகக் குடிவந்து இன்னும் யாரையும் தெரியாமல் இருக்கும் குடும்பம் ஏதேனும் இருந்தால் முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் அவனுக்காக அன்று பொரி மிட்டாய் மட்டும் செய்யுங்கள், அவனும் எல்லாரோடும் நின்று கிண்டட்டும்.

வேலையைப் பிள்ளைகள் செய்யட்டும், நீங்கள் அருகில் இருங்கள். குவியல் கோணலாக வரும், மேசை பிசுபிசுக்கும். திருத்தாதீர்கள். அவர்கள் செய்ததை அப்படியே சாமிக்குப் படைத்து, அதையே வந்தவர்களுக்கும் கொடுங்கள். இது என் மகள் செய்தது, இது என் மகன் செய்தது என்று அவர்கள் காதில் விழும்படி சொல்லுங்கள்.

உங்கள் எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் ஊரில் வாழும் ஒரு தமிழ்த் தாய்
கேட்டி, டெக்சஸ்